கேட்காத ஏணி

எங்கள் கில்லூனாவில் அந்தக் காலத்தில் சிலேட்டுக் கல் வேய்ந்த வீடு ஜார்லத் கெராட்டியின் வீடு ஒன்றுதான். மற்ற வீடுகளுக்கெல்லாம் வைக்கோல் கூரை. ஜார்லத்தின் அப்பா அமெரிக்காவுக்குப் போய்த் தண்டவாளம் போட்டுச் சம்பாதித்த காசில் அந்தக் கூரையைப் போட்டார். காசு கூரையோடு தீர்ந்துபோயிற்று, பெருமை மட்டும் தீரவில்லை. கெராட்டி வீட்டுக்காரன் எவனும் அடுத்தவன் வாசலில் போய் எதையும் கேட்டு நின்றதில்லை என்பது அந்த வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் வாசகம். பொய்யில்லை, கேட்டதில்லைதான். கேட்காமல் காலந்தள்ள என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பது அவன் பெண்டாட்டி அட்ராக்டாவைக் கேட்டால் தெரியும்.

அட்ராக்டா ஸ்லைகோ பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கல்வேலிதான். கடைந்த வெண்ணெயைக் கடைக்குக் கொடுத்துவிட்டு ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவித் தின்பாள். முட்டை கடைக்குப் போகும், தேயிலை வீட்டுக்கு வரும். வந்த தேயிலையும் இரண்டு தரம் கொதித்த பிறகுதான் எருக்குழிக்குப் போகும். மாவுச் சாக்கைப் பிரித்து வெளுத்துத் தலையணை உறை தைப்பாள். எத்தனை வெளுத்தாலும் ஆலைக்காரன் அச்சடித்த எழுத்து லேசாகத் தெரியும். "ராத்திரி தூங்கி எந்திரிச்சா கன்னத்துல 'உயர்தர மாவு'ன்னு இருக்குது நோனி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்தவள்தான்.

இப்படி இழுத்துப் பிடித்துத்தான் அந்த வருஷம் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். அக்டோபர் மாதத்து வீட்டுப் பூசை அவர்கள் முறை. எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு தரம் பங்குச் சாமியார் ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்து, ஒவ்வொருவரும் தனியாகப் போய்ச் சொல்லும் பாவங்களை, அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்டு, அடுக்களை மேசையைப் பீடமாக்கிப் பூசை வைப்பார். ஊரே வரும். பூசை முடிந்ததும் ஊருக்கே காலைச் சாப்பாடு. முறை சுற்றி வரப் பல வருஷம் ஆகும் என்பதால் வந்துவிட்டால் கல்யாணம் மாதிரிதான். சுவருக்குச் சுண்ணாம்பு, மேசைக்குப் புது விரிப்பு, சாமியாருக்குப் பூப்போட்ட கோப்பை. வந்தவர்கள் வாயால் ஜெபிப்பார்கள், கண்ணால் வீட்டை அளப்பார்கள். நானும் அளந்திருக்கிறேன்.

பட்ட காலிலே படும் என்பார்கள். ஆகஸ்டில் அவர்களுடைய இரண்டு மாட்டில் ஒன்று வயிறு உப்பி விழுந்தது. மாட்டு டாக்டர் வந்தார், போனார், பின்னாலேயே அந்த மாடும் போயிற்று. டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய கூலி மட்டும் நின்றது. அதைக் கொடுத்தது போக எஞ்சியதை வைத்துப் பூசையை ஒப்பேற்றிவிடலாம் என்று அட்ராக்டா மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது செப்டம்பரில் அந்தப் புயல் வந்தது.

அப்படியொரு காற்றை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. அதில் மொத்தமாகப் போனது பான்ஸி கீனின் கூரை. பான்ஸி தனிக்கட்டை. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது பாவம் என்று யாரோ அவனுக்குச் சின்ன வயதில் சொல்லி வைத்திருக்க வேண்டும். அவன் வீட்டில் பாதிப் பொருள் ஊராருடையது. மறுநாள் காலை கூரையில்லாத வீட்டுக்குள் நின்றுகொண்டு, "மேல பாத்தா நேரா மோட்சந்தான் தெரியுது. இதுக்கு மேல ஒருத்தனுக்கு என்ன வேணும்?" என்றான். பிறகு வெட்கமே இல்லாமல் வீடு வீடாகப் போனான். "எனக்குக் கூரை போச்சு. உங்களால ஆனதத் தாங்க." எல்லோரும் திட்டிக்கொண்டே கொடுக்கச் சம்மதித்தோம். என் வீட்டுக்காரர் மாலாக்கிதான் வசூலுக்குப் போனார்.

ஜார்லத் வாசற்படியில் கதவை அடைத்துக்கொண்டு நின்றானாம்.

"உங்க வீட்ல ஏதும் சேதமா ஜார்லத்?" என்று மாலாக்கி கேட்டிருக்கிறார்.

"நம்ம வீட்லயா? கல்லுக் கூரைய்யா. ஒரு சில்லு அசையல."

"குடுத்து வச்சவன். பின்பக்கமும் பாத்துட்டியா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு." உள்ளே போய் ஒரு முழுப் பவுன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். ஊரில் வேறு யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை. போகிற போக்கில் மாலாக்கி, "பான்ஸிக்குக் கூரை வேய உன் ஏணி வேணுமே" என்றதும், "எடுத்துட்டுப் போங்க. நமக்கு இப்ப அதுக்கு வேலையில்ல" என்றான். அதைப் போல நீள ஏணி எங்கள் பக்கத்தில் கிடையாது. கல்லுக் கூரைக்கென்று அவன் அப்பா செய்தது.

நடந்தது வேறு. வயல் பார்த்த பின்பக்கத்தில், உள்ளறைக்கு மேலே, கூரையில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கற்கள் பிய்ந்து போயிருந்தன. பாதையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஊர் எழுந்திருக்கும் முன்பே ஜார்லத் உடைந்த சில்லுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் காஞ்சொறிப் புதருக்குள் கொட்டிவிட்டு வந்திருக்கிறான். இதையெல்லாம் அட்ராக்டா பின்னால் என்னிடம் சொன்னாள். எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கெராட்டி வீட்டுக் கூரை எப்பேர்ப்பட்ட கூரை என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தோம்.

சிதறிய கற்களில் உடையாதவையும் கொஞ்சம் இருந்தன. தகரம் ஒன்று தொழுவத்தில் கிடந்தது. ஜார்லத்துக்குக் கைவேலை தெரியும். ஏறி அடைத்துவிட ஒரு பகல் போதும். ஏறத்தான் வழியில்லை. பான்ஸியின் கூரை வேய்ந்து முடிந்து, வைக்கோல் நிறம் மங்கியும்கூட ஏணி அவன் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்திருந்தது.

மழை விடவில்லை. உள்ளறையில் முதலில் சொட்டியது, பிறகு ஒழுகியது, பிறகு மேல்பலகை நனைந்து ஊறி ஒரு மூலை பெயர்ந்து கட்டில் மேலேயே விழுந்தது. கட்டிலை அடுக்களைக்கு இழுத்து, அடுப்புப் பக்கத்தில் படுத்தார்கள். வீட்டிலிருந்த வாளியெல்லாம் உள்ளறைக்குப் போயின. பால் கறக்க ஒரு வாளிதான் மிச்சம். அந்த வாளியில் ஜார்லத் கறந்துகொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காலை சண்டை.

"போய் ஏணியக் கேளு ஜார்லத்."

"கேக்கலாம். எதுக்குன்னு கேப்பானே."

"ஆப்பிள் பறிக்கன்னு சொல்லு."

"நம்மகிட்ட ஏது ஆப்பிள் மரம்?"

"அப்ப புகைபோக்கி அடைச்சிருக்குன்னு சொல்லு."

"சொன்னா போதும், நான் தள்றேன்னு அவனே தூக்கிட்டு வந்து அவனே மேல ஏறிருவான். அவனத் தெரியாதா உனக்கு? மேல ஏறினா பின்பக்கம் தெரியாதா?"

"தெரிஞ்சா தெரியட்டும். புயல் நம்மகிட்ட மட்டுமா வந்துச்சு? ஊர்ல எல்லார் வீட்லயும் அடிச்சுது."

"அத அன்னைக்கே சொல்லிருக்கணும். ஒண்ணும் ஆகலன்னு சொல்லி, அவனுக்கே ஒரு பவுனத் தூக்கிக் குடுத்துட்டு, இப்பப் போய் ஒழுகுதுன்னா ஜார்லத் பொய்யன்னு ஆயிரும்."

"பொய்தான சொன்ன?"

ஜார்லத் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். மாடு மிரண்டு காலை வீசியது. நல்லவேளை வாளி கவிழவில்லை, அட்ராக்டா பாய்ந்து பிடித்துவிட்டாள். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "உன் மானம் கூரை மேல ஏறி உக்காந்திருக்கு. இறக்கிவிட ஏணிதான் இல்ல."

ஆனால் அவளையும் சும்மா சொல்லக் கூடாது. வெட்கம் அவளுக்கும் தொற்றிவிட்டது. வேலியோரம் என்னைப் பார்த்தால் முன்பெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறவள், அந்த ஒரு மாதமும் "அடுப்புல வச்சிருக்கேன்" என்று ஓடினாள். "பூசைக்கு நான் வந்து ஒத்தாசை பண்றேன்டி" என்றதற்கு, "வேணாம் வேணாம், எல்லாம் ஆச்சு" என்றாள். அடுக்களையைத் தனியாகவே வெள்ளையடித்தாள். உள்ளறையை எப்படி மறைப்பது என்பதற்கும் வழி கண்டுபிடித்திருந்தாள். வழக்கமாக வரும் பெரிய சாமியார் குளிருக்கு நடுங்குகிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளறைப் பக்கம் போக மாட்டார். அடுப்போரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், அதுவரை நாங்கள் முற்றத்தில் நிற்போம். சாப்பிடுவதும் அதே நாற்காலியில்தான். அதனால் கட்டிலைத் தொழுவத்துக்கு மாற்றிவிட்டு, உள்ளறைக் கதவைச் சாத்தி, குறுக்கே பெரிய மரப்பெஞ்சை இழுத்துப் போட்டு, மேலே வெளுத்த துணி விரித்துவிட்டாள். கதவென்று ஒன்று இருப்பதே தெரியாது.

சாப்பாட்டில் குறை வைக்கக் கூடாது என்று முட்டையிடுகிற கோழிகளையே வியாபாரியிடம் விற்றாள். விற்று ஒரு பன்றித் தொடை வாங்கினாள். முழுத் தொடை. அதை உப்புப் போக ஊறவைத்து, வேகவைத்து, தோலை உரித்து, மேலே ரொட்டித்தூள் பூசிப் பொன்னிறமாக வாட்டி எடுத்தபோது, அந்த வாசனை என் வீட்டு அடுக்களை வரை வந்தது. மாலாக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கெராட்டி கெராட்டிதான்" என்றார்.

இதற்கிடையில், பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரிய சாமியார் மூட்டுவலியோடு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார். கால்வே பட்டணத்திலிருந்து ஓர் இளம் சாமியார் வந்தார்.

பூசையன்று காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோரும் ஓடி வந்தோம். அடுக்களை நிறைந்து, நனைந்த கம்பளி நாற்றமும் அடுப்பில் எரிந்த சதுப்புமண் கட்டியின் புகையுமாக இருந்தது. ஜார்லத் சாமியாரின் சைக்கிளைத் தொழுவத்தில் நிறுத்தப் போயிருந்தான். இளம் சாமியார் தலையைத் துவட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கம்மா உக்காரட்டும்?"

"இங்கதான் சாமி, அடுப்போரமா. வெதுவெதுன்னு இருக்கும். நாங்கல்லாம் வெளிய போயிர்றோம்" என்றாள் அட்ராக்டா.

"இந்த மழையிலயா? வயசானவங்க எல்லாம் இருக்காங்களே. உள்ளறை ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு சாமி. அதுல… உருளைக்கிழங்கு கொட்டி வச்சிருக்கு."

"அதனால என்ன? உருளைக்கிழங்கு யார்கிட்டயும் போய்ச் சொல்லாதும்மா."

எல்லோரும் சிரித்தோம். அட்ராக்டாவும் சிரித்தாள், உதட்டளவில். அவள் வாயைத் திறப்பதற்குள் பான்ஸி, ஒத்தாசைக்குப் பிறந்தவன் போல, "இந்தா சாமி, ஒரு நொடி" என்று பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினான். மாலாக்கி மறுமுனையைத் தூக்கினார். ஜார்லத் வாசலில் வந்து நின்றபோது பெஞ்சு நகர்ந்து கதவு திறந்திருந்தது.

சாமியார் உள்ளே போனார். பிறகு கதவிடுக்கில் தலையை நீட்டி, ரொம்ப மெதுவாக, "ஒரு நாற்காலி மட்டும் குடுங்கம்மா" என்றார். அட்ராக்டா நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து ஜெபமாலையை எடுத்தாள். உள்ளே சொல்லும் பாவம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று வெளியே இருப்பவர்கள் உரக்க ஜெபமாலை சொல்வது வழக்கம். அட்ராக்டா அன்று சொன்னது போல உரக்க யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தனை உரக்கச் சொல்லியும், ஒரு மந்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், வாளிகளில் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

முதலில் பான்ஸிதான் போனான். போனவன் சட்டென்று திரும்பிவிட்டான். பெரிய பாவி, இத்தனை சீக்கிரம் முடிக்கிற ஆளில்லை. அவன் தலைமயிரிலிருந்து நீர் வழிந்தது. ஜார்லத்தைப் பார்க்காமல் மூலையில் போய் மண்டியிட்டுக்கொண்டான்.

என் முறை வந்தது. வானம் தெரியும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து கிழிந்த கோணி ஒன்று தொங்கியது. மேல்பலகை ஒரு பக்கம் வாய் பிளந்து நின்றது. சுவரில் பச்சையாகப் பூசணம். வாளி, சட்டி, துணி துவைக்கும் தொட்டி, கடைசியாகப் பூப்போட்ட கிண்ணம் ஒன்றுகூடத் தரையில் நீர் ஏந்திக்கொண்டிருந்தது. சாமியார் உலர்ந்த மூலையில் தொப்பியைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் மண்டியிட்டேன். ஒரு வாரமாக நினைத்து வைத்திருந்த பாவங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு பவுன்தான் மண்டைக்குள் நின்றது. இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு கொடுத்த பவுன். "மறந்துபோச்சு சாமி" என்றேன். "இன்னைக்கு எல்லாருக்கும் மறந்துதான் போகுது" என்றார்.

கடைசியாக ஜார்லத் போனான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தவன், கொலைக்களத்துக்குப் போகிறவன் போலப் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. ஜெபமாலை முடிந்துவிட்டது. அட்ராக்டா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவன் என்ன சொன்னான், சாமியார் என்ன பரிகாரம் கொடுத்தார் என்பது அவர்கள் இருவருக்கும் கடவுளுக்கும். வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன.

பூசை ஆயிற்று. எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்கினோம். சாமியார் ஒரு முட்டையும் தேநீரும் மட்டும் எடுத்துக்கொண்டு, பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக நேரமாகிவிட்டதென்று மழையிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அட்ராக்டா பன்றித் தொடையை மேசை நடுவே வைத்துத் துண்டு போட்டாள். தடித்த துண்டுகள், அடுக்கிய தட்டு. "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க" என்றாள்.

யாரும் எடுக்கவில்லை.

எனக்கு இப்போது நினைத்தாலும் முகம் கூசுகிறது. ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டது போல, வெறும் ரொட்டியையும் தேநீரையும் எடுத்துக்கொண்டு தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டோம். அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் கறியை எப்படித் தின்பது? அதுவரை கெராட்டி வீட்டு விருந்துக்கு எச்சில் ஊற வந்தவர்கள், திடீரென்று தர்மப்பிரபு ஆகிவிட்டோம். நான் பல்வலி என்றேன். இன்னொருத்தி வயிறு சரியில்லை என்றாள். தட்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, குறையாமல் அட்ராக்டாவின் கைக்கே திரும்பி வந்தது.

அவள் தட்டைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மாலாக்கி முன்னால் போய் நின்றாள்.

"நீ எடுத்துக்கோ மாலாக்கி. உனக்குத்தான் ரொம்பப் பிடிக்குமே."

"வேணாம்மா. வரும்போதே வீட்ல சாப்ட்டுட்டு வந்துட்டேன்" என்றார் என் புத்திசாலி.

அட்ராக்டா அவரை உற்றுப் பார்த்தாள்.

"சாப்ட்டுட்டா நன்மை வாங்குன?"

வெறும் வயிற்றில்தான் நற்கருணை வாங்க வேண்டும் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தின்றுவிட்டு வாங்குவது சாவான பாவம். மாலாக்கியின் முகத்தில் ஈயாடவில்லை. தின்றேன் என்றால் பாவி, தின்னவில்லை என்றால் பொய்யன். கையில் இருந்த ரொட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"சொல்லு மாலாக்கி. எங்க வீட்டுக் கறியத் திங்கறதுக்கு நரகம் பரவால்லன்னு தோணிருச்சா?" அட்ராக்டா தட்டை இன்னும் கிட்டே நீட்டினாள். "கோழிய வித்து வாங்குனேன். எல்லாத்தையும் வித்து வாங்குனேன். இதத் திருப்பிக் குடுத்துட்டுப் போனீங்கன்னா நான் நாளைக்கு உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பு சடசடத்தது.

அடுப்போரம் நின்றிருந்த ஜார்லத் தொண்டையைச் செருமினான்.

"பான்ஸி."

பான்ஸி நிமிர்ந்தான்.

"என் ஏணி வேணும்."

"எதுக்கு?" என்றான் பான்ஸி. வாய்ப் பழக்கம். யார் எதைக் கேட்டாலும் எதுக்கு என்றுதான் கேட்பான். கேட்ட பிறகுதான் கேட்டது அவனுக்கே உறைத்தது. அவன் காதும் சிவந்தது. எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது.

ஜார்லத் புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்தபடி நின்றான். கெராட்டி வீட்டுக் கல்லுக் கூரையை ஒருகாலமும் குறைத்துப் பேசாத வாய், இரண்டு தரம் திறந்து மூடியது.

"எங்க கூரை ஒழுகுது" என்றான். "புயலன்னைக்கே போச்சு. ஒண்ணும் ஆகலன்னு சொன்னது பொய்."

பான்ஸி எழுந்து மேசைக்கு வந்தான். அட்ராக்டா கையிலிருந்த தட்டை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே தடித்த துண்டாக இரண்டை எடுத்து ரொட்டிமேல் வைத்தான். ஒரு வாய் கடித்தான். நெற்றியில் ஒட்டியிருந்த ஈரமயிரைப் புறங்கையால் தள்ளிக்கொண்டு, இப்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறவன் போல ஜார்லத்தைப் பார்த்தான்.

"அப்படியா?" என்றான். "எந்தப் பக்கம்?"